எழுதிக் கொடுத்த ஒப்புதல்: விலக்குவதா, விளக்குவதா, விட்டுவிடுவதா?

நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர், என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் இருவரும் காலமான பின், மூன்றே கால் ஏக்கர் தேயிலைத் தோட்டத்தில் பாதியைக் கேட்டுத் தங்கை பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறார். சொத்து அட்டவணையில் நான்கு இனங்கள். அழைப்பாணை கிடைத்த 30 நாளுக்குள் எதிர்வழக்குரை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) போட வேண்டும். நீதிமன்றம் மனம் வைத்தால் 90 நாள் வரை நீளும். அந்த அவசரத்தில் அண்ணன் கையெழுத்திட்ட எதிர்வழக்குரையின் 4-ஆம் பத்தி, "அட்டவணைச் சொத்துகள் நான்கும் கூட்டுக் குடும்பச் சொத்தாக அனுபவிக்கப்பட்டு வந்தவை என்பது உண்மையே" என்கிறது. தங்கைக்குச் சேர வேண்டியது கல்யாணத்தின்போதே கொடுத்தாகிவிட்டது என்பதுதான் அவருடைய முழு வாதமும். சில வாய்தாக்களுக்குப் பிறகு வேறொரு வழக்கறிஞர் கட்டைப் பிரித்துப் பார்த்தால், நான்காவது இனத்தின் கிரயப் பத்திரம் 1998-ல் அண்ணன் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது.

அந்த வரியை அடித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கையில் உள்ள வழிகளில் பெரும்பாலும் அதுவே மோசமானது. அந்த ஒரு வரி தங்கைக்கு என்ன கொடுத்துவிட்டது என்று பார்த்தால் காரணம் புரியும்.

குடும்பம் கூட்டாக இருந்தது என்பதாலேயே ஒருவர் பெயரில் வாங்கிய நிலம் கூட்டுச் சொத்தாகிவிடாது. கூட்டுச் சொத்து என்று சொல்பவர்தான், அந்த நிலத்தை வாங்கும் அளவுக்கு வருமானம் தந்த பொதுச் சொத்து குடும்பத்திடம் இருந்தது என்று முதலில் காட்ட வேண்டும். அதைக் காட்டிய பிறகே, சொந்தப் பணத்தில் வாங்கினேன் என்று நிரூபிக்கும் சுமை எதிர்ப்பக்கம் போகும். 1998-ல் பழைய தோட்டம் எவ்வளவு இலை கொடுத்தது, பச்சைத் தேயிலை என்ன விலைக்குப் போனது, பணம் யார் கையில் இருந்தது என்று தங்கை சாட்சி தேடி அலைந்திருக்க வேண்டும். அண்ணனின் ஒப்புதல் அந்த வேலையைத் தேவையற்றதாக்கிவிட்டது. ஒப்புக்கொண்ட பொருண்மையை, அதாவது நடந்த செய்தியை, நிரூபிக்கத் தேவையில்லை என்பது 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 53-ஆம் பிரிவு. வக்கீல் நோட்டீசுக்குக் கொடுத்த பதிலிலோ வேறொரு வழக்கிலோ சொன்னது வெறும் சாட்சியம்தான். அது தவறு என்று காட்ட இடமுண்டு. அதே வழக்கின் வழக்குரையிலோ எதிர்வழக்குரையிலோ எழுதியது அதற்கு மேற்பட்ட தரம், எழுதியவரைக் கட்டும் என்று நாகின்தாஸ் ராம்தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-களிலேயே சொல்லிவிட்டது.

ஆகவே எந்த வழியில் போவது என்று முடிவெடுக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்தத் திருத்தத்தால் எதிர்த்தரப்பு எதை இழக்கும்?

முதலில் ஒப்புதலின் வகை

எல்லா ஒப்புதலும் ஒரே எடை அல்ல. மலைப்பகுதி வழக்குகளில் அடிக்கடி வருவது அளவுப் பிழை. பட்டாவில் 0.40.5 ஹெக்டேர் என்று இருக்கும். அது 40.5 ஏர், அதாவது கிட்டத்தட்ட ஒரு முழு ஏக்கர், 100 சென்ட். தட்டச்சில் அது "40½ சென்ட்" ஆகிவிட்டால், பாதிக்கும் மேற்பட்ட நிலத்தை விட்டுக்கொடுத்ததுபோல் ஆகிவிடும். உட்பிரிவு எண் மாறுவதும் இதே ரகம். பட்டா, அ-பதிவேடு, புலப்பட நகல் மூன்றையும் சேர்த்து வைத்தால் பிழை தானாகத் தெரியும். இதற்குத் திருத்த மனு போடத் தயங்கவே கூடாது. அட்டவணை தவறானால் தீர்ப்பாணையும் தவறாகும்; பிறகு வழக்கறிஞர் ஆணையரும் நில அளவரும் இடத்துக்கு வந்து சங்கிலி பிடிக்கும்போது எல்லை ஒட்டாது.

அடுத்தது சட்டத்தைப் பற்றிய ஒப்புதல். 1989 மார்ச் 25-க்கு முன்பே திருமணமாகிவிட்டதால் மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் தனக்குப் பொருந்தாது, கால் பங்குதான் கிடைக்கும் என்று நினைத்து ஒரு பெண் வழக்குரை போட்டிருக்கலாம். ஒரு மகன், ஒரு மகள் உள்ள குடும்பத்தில் பழைய கணக்கில், அப்பாவுக்கும் மகனுக்கும் பாதிப் பாதி. அப்பாவின் பாதியில் பாதி மகளுக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்கும் 2020-ல் வந்த வினீதா சர்மா தீர்ப்புக்கும் பிறகு அவரும் பிறப்பால் பங்காளி, அரைப் பங்குக்கு உரியவர். சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதியது யாரையும் கட்டாது. இதைத் திருத்துவதை ஒப்புதலை விலக்குவதாகவே நீதிமன்றம் பார்க்காது.

மூன்றாவது, வாயை மூடிக்கொண்டதால் வந்த ஒப்புதல். எதிர்த்தரப்பு சொன்ன ஒரு பொருண்மையைக் குறிப்பாக மறுக்காமல் விட்டாலோ, சுற்றி வளைத்து மறுத்தாலோ, உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 8, விதி 3 முதல் 5 வரையின்படி அது ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். எதிர்வழக்குரையின் கடைசியில் வழக்கமாக வரும் "மற்றவை அனைத்தும் மறுக்கப்படுகின்றன" என்ற வரி இதிலிருந்து காப்பாற்றாது. ஆனால் வெளிப்படையாக எழுதிய ஒப்புதலைவிட இதைச் சரிசெய்வது எளிது. இதையும் நிரூபி என்று கேட்கும் அதிகாரத்தை 5-ஆம் விதியே நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது.

ஒரு பொருண்மையை ஒப்புக்கொள்ளும்படி கட்டளை 12, விதி 4-ன் கீழ் வந்த அறிவிப்புக்குப் பதிலாகத் தந்த ஒப்புதல் தனி. அதை மாற்றவோ விலக்கவோ நீதிமன்றம் எப்போது வேண்டுமானாலும் அனுமதிக்கலாம் என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. வழக்குரையில் செய்த ஒப்புதலுக்கு இப்படி ஒரு வாசகம் எங்கும் கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, 4-ஆம் விதியைக் காட்டி எதிர்வழக்குரையைத் திருத்தக் கேட்கும் மனு நிற்காது.

எஞ்சுவது நம் அண்ணனின் வகை: தெளிவான, வெளிப்படையான, பொருண்மை பற்றிய ஒப்புதல்.

விலக்கக் கேட்பது

கட்டளை 6, விதி 17-ன் கீழ், 4-ஆம் பத்தியை நீக்கிவிட்டு "நான்காவது இனம் இந்தப் பிரதிவாதியின் சுய சம்பாத்தியம்" என்று போட அனுமதி கேட்பது. 1976-ல் மோடி ஸ்பின்னிங் வழக்கில், பழைய வாதத்தை முழுக்க மாற்றிப் புதிய வாதம் வைத்து எதிர்த்தரப்புக்குக் கிடைத்த ஒப்புதலைப் பறிக்க முடியாது என்றார்கள். பின்னர் பஞ்ச்தேவ் நாராயண் வழக்கில் ஒப்புதலைக்கூட விலக்கலாம் என்று ஒரு கதவு திறந்தது. அதை நம்பிப் பல மனுக்கள் வந்தன. கூட்டுச் சொத்து என்று முதலில் ஏற்றுக்கொண்ட இனங்களைப் பிறகு மறுக்கப் பார்த்த ஹீராலால் எதிர் கல்யாண் மல் வழக்கும் ஒரு பாகப்பிரிவினை வழக்குதான். 1998-ல் வெளியான அந்தத் தீர்ப்பு, வாதியின் வழக்கையே பெயர்த்துவிடும் விலக்கலுக்கு இடமில்லை என்றது. கடைசியாக 2015-ல் ராம் நிரஞ்சன் கஜாரியா வழக்கில், திட்டவட்டமான ஒப்புதலைத் திருத்தத்தின் மூலம் விலக்க முடியாது, பஞ்ச்தேவ் தீர்ப்பு அந்த அளவில் சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. பழைய பஞ்ச்தேவ் தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டி இன்றும் மனு தயாரிப்பவர்கள், கட்சிக்காரரின் பணத்தையும் காலத்தையும் வீணாக்குகிறார்கள்.

தள்ளுபடியாவதோடு போகாது என்பதுதான் கவலை. இந்த மனு, ஒப்புதல் எவ்வளவு முக்கியமானது என்பதை எதிர்த்தரப்புக்குக் கோடிட்டுக் காட்டிவிடுகிறது. கட்டளை 12, விதி 6-ன்படி ஒப்புதலை வைத்தே தீர்ப்புக் கேட்கத் தங்கைக்கு வழி இருக்கிறது. அதுவரை அது தோன்றாதிருந்தால், மனுவின் நகல் கிடைத்த அன்றே தோன்றிவிடும்.

விளக்கக் கேட்பது

அதே 2015 தீர்ப்பு, ஒப்புதலைத் தெளிவுபடுத்தவும் விளக்கவும் திருத்தம் கேட்கலாம் என்கிறது. அண்ணனுக்கு உண்மையான இடம் இங்கேதான். அவர் எழுதியது "கூட்டுக் குடும்பச் சொத்தாக அனுபவிக்கப்பட்டு வந்தவை" என்று. அனுபவத்தைப் பற்றிய சொல் அது. உரிமை மூலத்தைப் பற்றியதல்ல என்று சொல்ல இடம் தருகிறது. அந்தப் பத்தியில் ஒரு சொல்லையும் நீக்காமல், கடைசியில் இப்படிச் சேர்க்கலாம்: "பெற்றோர் காலத்தில் நான்கு இனங்களும் ஒரே தோட்டமாகப் பராமரிக்கப்பட்டு, இலை ஒரே கணக்கில் தொழிற்சாலைக்குப் போனதைக் குறித்தே மேற்படி வாசகம் எழுதப்பட்டது. நான்காவது இனம் 1998-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரப்படி இந்தப் பிரதிவாதி கிரயம் பெற்றது."

இதே பத்தி "நான்கும் பூர்வீகச் சொத்துகள், வாதிக்கும் எனக்கும் பொதுவில் பாத்தியப்பட்டவை" என்று இருந்திருந்தால் விளக்க எதுவுமில்லை. விளக்கம் என்ற பெயரில் விலக்கல்தான் நடக்கும், நீதிபதி அதைக் கண்டுகொள்வார். ஒப்புதலை அப்படியே வைத்து நிபந்தனை சேர்ப்பது இன்னொரு வடிவம். வாதியின் பங்கை ஒப்புக்கொண்டவர், அவர் சட்டப்படியான வாரிசு என்று நிரூபித்தால்தான் அந்தப் பங்கு என்று பின்னர் சேர்க்கக் கேட்டபோது, 2007-ல் உஷா பாலாசாகேப் சுவாமி வழக்கில் அனுமதி கிடைத்தது. வழக்குரையைவிட எதிர்வழக்குரையைத் திருத்த நீதிமன்றங்கள் தாராளமாக இருக்கும்; முன்னுக்குப்பின் முரணான மாற்று வாதங்களைக்கூடப் பிரதிவாதி வைக்கலாம். முரண் வேறு, எதிர்த்தரப்பின் கையிலிருப்பதைப் பறிப்பது வேறு.

விளக்கம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். சொல்லியே ஆக வேண்டும். வழக்குரையோடு சத்தியப் பிரமாணப் பத்திரமும் போகிறது. 1998 கிரயத்துக்கு அப்பாவின் சேமிப்புத்தான் போனது என்றால், திருத்தம் கிடைத்தாலும் குறுக்கு விசாரணையில் அது கலைந்துவிடும். மற்ற மூன்று இனங்களில் அவருக்கு இருக்கும் நம்பகத்தன்மையையும் சேர்த்துக்கொண்டு போகும்.

கூடுதல் எதிர்வழக்குரை

திருத்த மனு கடினம் என்று தெரிந்ததும் பலர் திரும்புவது கட்டளை 8, விதி 9-க்கு. நீதிமன்ற அனுமதியோடு கூடுதல் எதிர்வழக்குரை போடலாம். அதற்கு 30 நாளுக்கு மிகாமல் நேரம் தருவார்கள். வாதி வழக்குரையைத் திருத்தினாலோ, வழக்கு நடக்கும்போது புது நிகழ்வு வந்தாலோ இது சரியான கருவி. பட்டா மேல்முறையீட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் இடையில் உத்தரவு போட்டுவிட்டார் என்றால் அதை இப்படிக் கொண்டுவரலாம். முன்பு எழுதிய ஒப்புதலுக்கு முரணாக எழுத இது வழியல்ல. முந்தைய வாதத்துக்கு ஒவ்வாத எதையும் திருத்தத்தின் மூலம் மட்டுமே கொண்டுவர முடியும் என்று கட்டளை 6, விதி 7 தடுத்துவிடுகிறது. பின்வாசல் என்று நினைத்துப் போனால், முன்வாசலில் கேட்டிருக்க வேண்டிய காலமும் கடந்துபோகும்.

அப்படியே விடுவது

இதைத் தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை. விளக்கம் திருத்தமாக உள்ளே வரவில்லையென்றாலும், ஒப்புதல் முடிவான நிரூபணம் அல்ல என்று அதினியத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்புக்கொண்டதையும் நிரூபிக்கச் சொல்லும் அதிகாரம் 53-ஆம் பிரிவிலேயே நீதிமன்றத்துக்கு இருக்கிறது. பத்தியின் வாசகமே இரண்டு விதமாகப் படிக்கத்தக்கது என்றால், அதை வாதமாக வைக்கலாம். கட்டளை 12, விதி 6-ன் கீழான தீர்ப்புக்கு ஒப்புதல் ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும்; அது நீதிமன்றத்தின் விருப்புரிமையும்கூட. இதில் உள்ள ஆபத்து வேறு: வழக்குரையில் இல்லாத வாதத்துக்குச் சாட்சியம் வைத்தால், அந்தச் சாட்சியத்தைப் பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிடுவார்கள். கிரயப் பத்திரத்தைச் சான்றாவணமாகக் குறியீடு செய்தால் மட்டும் போதாது. வாசகம் மங்கலாக இருந்து, விசாரணையும் பாதி தாண்டியிருந்தால் மட்டுமே இந்த வழி.

ஒப்புதலுக்கு அடிப்படையாக ஒரு ஆவணம் இருந்தால் இன்னொரு பாதை திறக்கிறது. பழைய விடுதலைப் பத்திரம் ஒன்றை நம்பி ஒப்புக்கொண்டிருந்து, அந்தப் பத்திரமே மோசடி என்று பின்னர் தெரியவந்தால், அதை எதிர்த்துத் தனி வழக்குப் போடலாம். நம் அண்ணனுக்கு அப்படி எதுவும் இல்லை.

வாதியாக இருந்தால்

வாதிக்குக் கூடுதலாக ஒரு வழி உண்டு: கட்டளை 23, விதி 1(3)-ன் கீழ், புது வழக்குப் போடும் உரிமையோடு இந்த வழக்கைத் திரும்பப் பெறுவது. கொடைக்கானல் மலையில் உள்ள பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், சுவாதீனம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி வெறும் நிரந்தர உறுத்துக்கட்டளை (தடையாணை) கேட்டு வழக்குப் போடுகிறார். வழக்கு நடக்கும்போதே எதிராளி உள்ளே புகுந்துவிடுகிறார். வழக்குரையில் விளம்புகையும் (உரிமை தன்னுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பு) சுவாதீன மீட்பும் சேர்க்க வேண்டும். திருத்தமா, புது வழக்கா?

திருத்தமே மேல். சம்பத்குமார் எதிர் அய்யாக்கண்ணு என்ற தமிழ்நாட்டு வழக்கில் இதே நிலை. 1988-ல் போட்ட உறுத்துக்கட்டளை வழக்கில் பதினொரு ஆண்டு கழித்துக் கேட்ட திருத்தத்தை, விசாரணை தொடங்காததால், 2002-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் புதிய பரிகாரங்கள் மனுப் போட்ட தேதியில் கேட்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்றும் சொன்னது. காலவரம்பு அந்தத் தேதி வரை ஓடிக்கொண்டிருக்கும்: விளம்புகைக்கு 3 ஆண்டு, உரிமை மூலத்தின் அடிப்படையில் சுவாதீனத்துக்கு 12 ஆண்டு. திரும்பப் பெற்றுப் புது வழக்குப் போட்டால், முதல் வழக்கே போடாததுபோல் காலம் கணக்கிடப்படும். முறைக்குறையால் போன காலத்தைக் கழிக்கும் காலவரம்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு எல்லாருக்கும் உதவாது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் திரும்பப் பெற்றால் அதே பொருளில் மறுபடி வழக்கே கிடையாது. வனத்துறையையோ வருவாய்த்துறையையோ எதிர்த்து, அரசுக்கு முன்கூட்டித் தர வேண்டிய 80-ஆம் பிரிவு அறிவிப்பு இல்லாமல் போட்ட வழக்குப் போன்ற முறைக்குறைகளுக்கு இந்த வழி பொருந்தும்.

வழக்குரையில் எழுதிய ஒப்புதல் திரும்பப் பெறுவதால் அழியாது. ஆனால் அடுத்த வழக்கில் அது வெறும் சாட்சியமாக இறங்கிவிடும், தவறென்று காட்ட இடம் வரும். பெரிய ஒப்புதல் ஒன்றில் மாட்டிக்கொண்ட வாதிக்கு, காலவரம்பு மிச்சமிருந்தால், இது எண்ணிப் பார்க்கத் தக்கது.

விளம்புகை சேர்த்தால் மதிப்பீடும் நீதிமன்றக் கட்டணமும் கூடும். தமிழ்நாட்டில் 2017 திருத்தத்துக்குப் பிறகு மதிப்பில் 3 சதவீதம். மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டினால் முன்சீப் நீதிமன்றத்தின் வரம்பு முடிந்துவிடும். வழக்குரையைத் திருப்பி வாங்கிச் சார்பு நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். மனுப் போடுமுன் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

எப்போது, எப்படி

2002 ஜூலை 1 முதல், விசாரணை தொடங்கிய பிறகு திருத்தம் வேண்டுமென்றால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே எழுப்ப முடியவில்லை என்று நிரூபிக்க வேண்டும். நிரூபண வாக்குமூலம் தாக்கலாகும் நாளே விசாரணையின் தொடக்கம் என்பது உச்ச நீதிமன்றத்தின் வித்யாபாய் தீர்ப்பு. எழுவினா (வழக்கில் முடிவுசெய்ய வேண்டிய கேள்விகள்) வனைந்த நாளையே தொடக்கமாகக் கொண்ட தீர்ப்பும் உண்டு. எழுவினா வனையுமுன் மனு உள்ளே இருந்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லை. அண்ணனுக்கு இது உயிர்நிலை. தன் பெயரில், தானே கையெழுத்திட்டு வாங்கிய பத்திரம் தெரியாமல் போயிற்று என்று அவரால் சொல்லவே முடியாது. விசாரணை தொடங்கிவிட்டால் உரிய கவனம் என்ற படியை அவர் தாண்ட மாட்டார். "முந்தைய வழக்கறிஞர் கவனிக்கவில்லை" என்ற ஒற்றை வரி யாரையும் காப்பாற்றியதில்லை.

மனுவோடு போகும் பிரமாணப் பத்திரத்தில் எந்தப் பத்தியில் எந்த வரிக்குப் பின் எந்தச் சொற்கள் என்பது அப்படியே இருக்க வேண்டும். பத்திரத்தின் சான்றிட்ட நகல், வில்லங்கச் சான்று, தேயிலை வாரியப் பதிவு, தொழிற்சாலைக்கு இலை கொடுத்த ரசீதுகள் எல்லாம் கூடவே போகட்டும். எதிர்த்தரப்புக்குப் பாதிப்பில்லை என்று வெறுமனே எழுதுவதைவிட, நான்காவது இனம் சொந்தச் சொத்து என்று நிரூபிக்கும் சுமையை நானே ஏற்கிறேன், செலவுத்தொகையும் தருகிறேன் என்று எழுதுவது நூறு மடங்கு பலன் தரும். ஒப்புதலால் தங்கைக்குக் கிடைத்தது அந்தச் சுமைக் குறைப்புத்தான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருடைய எதிர்ப்பில் பாதி கரைந்துவிடும். மற்ற மூன்று இனங்களைப் பற்றிய ஒப்புதலைத் தொடாமல் விடுவதும் மனுவுக்கு வலுச் சேர்க்கும். அவற்றுக்கு மட்டும் பங்குகளை முடிவுசெய்யும் முதனிலைத் தீர்ப்பாணை வந்தாலும் வரட்டும்.

அனுமதி கிடைத்தால் உத்தரவில் சொன்ன நாளுக்குள் திருத்தம் ஏற வேண்டும்; நாள் சொல்லவில்லையென்றால் 14 நாள். தவறினால், நீதிமன்றம் நீட்டித்துத் தந்தாலொழிய, கிடைத்த அனுமதி பயனற்றுப் போகும். செலவுத்தொகையை நிபந்தனையாக விதித்திருந்து எதிர்த்தரப்பு அதை வாங்கிக்கொண்டால், அந்த உத்தரவை அவர்கள் பிறகு எதிர்ப்பது கடினம். பழைய வாசகம் கட்டில் அப்படியே இருக்கும், குறுக்கு விசாரணையில் அதைக் காட்டிக் கேட்பார்கள். பதில் தயாராக இருக்க வேண்டும்.

மனு தள்ளுபடியானால் அரசியலமைப்பின் 227-ஆம் பிரிவின் கீழ் சீராய்வு, நீலகிரிக்காரருக்குச் சென்னையில், கொடைக்கானல்காரருக்கு மதுரைக் கிளையில். அதற்கு ஓடியே ஆக வேண்டும் என்பதில்லை. இடைக்கால உத்தரவின் தவறை, வழக்கின் தீர்ப்பாணையை எதிர்த்த மேல்முறையீட்டில் ஒரு காரணமாக எழுப்ப உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு இடம் தருகிறது. நான்காவது இனம் அரை ஏக்கருக்கும் குறைவென்றால், சீராய்வுக்காக வழக்கை நிறுத்தி வைப்பதைவிட இந்த இரண்டாவது வழியே அண்ணனுக்கு ஏற்றது.